ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும் உடை: மூன்று பேர், மூன்று வெட்டு

ஆப்பிள் உடம்பு, பேரிக்காய் உடம்பு, மணற்கடிகார உடம்பு என்று உடல்வாகைப் பிரித்துப் படம் போட்ட பட்டியலை போனில் காட்டி, "இதுல எனக்கு எது செட் ஆகும்க்கா?" என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் இப்போது அதிகம். நேர் விளிம்பு வைத்த குர்த்திக்கே அந்தப் பட்டியல் அரைகுறையாகத்தான் உதவும். சாய்வாக வெட்டும் உடைக்குச் சுத்தமாக உதவாது. சாய்வு என்பது ஒரே ஒரு கோடு. அது உடம்பில் எங்கே தொடங்குகிறது, எதைக் கடந்து போகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுப்புச் சுற்று 44 இன்ச் உள்ள இரண்டு பேரில் ஒருத்தி 5 அடி 1 இன்ச், இன்னொருத்தி 5 அடி 6 இன்ச் என்றாலும் பட்டியலில் இருவரும் பேரிக்காய்தான். ஒரே அளவில் வெட்டிக் கொடுத்தால் உயரமானவளுக்கு முட்டிக்கு மேலே நிற்கும், குள்ளமானவளுக்குக் கெண்டைக்கால் நடுவில் விழும்.

சமீபத்தில் வீட்டுக்குள்ளேயே மூன்று பேருக்கு இந்த வகையில் தைத்தேன். அண்ணிக்கு ஆபீஸ் போட, அத்தைக்கு ஒரு ரிசப்ஷனுக்கு, அக்கா மகளுக்குக் காலேஜ் ஃபேர்வெல்லுக்கு. மூன்றும் வேறு வேறு கணக்கு. அளவோடு எழுதி வைக்கிறேன், தைக்கத் தெரிந்தவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். தைக்கத் தெரியாதவர்கள் கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

நாடா வைத்துப் பார்ப்பது

கத்திரிக்கோலுக்கு முன்னால் பாவாடை நாடா. உடம்போடு ஒட்டின பழைய குர்த்தியையோ நைட்டியையோ போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, சாய்வு எங்கே வேண்டுமோ அங்கே கறுப்பு நாடாவை ஊக்கால் குத்தி விடுவேன். பத்தடி தள்ளி நின்று போனில் ஒரு படம். அந்தப் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் முகம், நகை, கலர் எதுவும் கண்ணை இழுக்காது. கோடு மட்டும் தெரியும். இரண்டு இன்ச் ஏற்றி ஒரு படம், இரண்டு இன்ச் இறக்கி ஒரு படம். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் கண்ணாடியில் நாம் நம் வயிற்றை மட்டும்தான் பார்ப்போம்.

இதில் நான் விடாமல் பிடித்துக்கொள்வது இரண்டு. கோட்டின் எந்த முனையும் உடம்பின் அகலமான இடத்தில் முடியக் கூடாது. தொடையோ கெண்டைக்காலோ, அகலமான இடத்திலிருந்து ஒன்றரை இரண்டு இன்ச் மேலோ கீழோ தள்ளி முடிய வேண்டும். அடுத்தது, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 5 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. இரண்டு இன்ச், மூன்று இன்ச் சாய்வு வைத்தால் பார்க்கிறவர்கள் ஃபேஷன் என்று நினைக்க மாட்டார்கள், டெய்லர் தப்பாக வெட்டிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். சாய்ப்பதென்றால் தைரியமாகச் சாய்க்க வேண்டும்.

அண்ணியின் ஆபீஸ் குர்த்தி

உயரம் 5 அடி 1 இன்ச், மார்பு 38, இடுப்பு 44. தோளிலிருந்து முட்டி 34 இன்ச், கெண்டைக்காலின் அகலமான இடம் 39. முதலில் அண்ணி கேட்டது குட்டைப் பக்கம் 27 இன்ச். நாடா வைத்துப் படத்தைக் காட்டினேன். தொடை அகலமான இடத்துக்குக் கொஞ்சம் கீழே கோடு முடிந்து, "இங்கே பார்" என்று சுட்டிக்காட்டுவதுபோல இருந்தது. "வேணாம்மா, நீ சொல்றபடியே வெட்டு" என்றார். குட்டைப் பக்கம் 31, நீளப் பக்கம் 41 என்று முடிவானது. முட்டிக்கு 3 இன்ச் மேலே ஒரு முனை, கெண்டைக்கால் பருமனைத் தாண்டி 2 இன்ச் கீழே இன்னொரு முனை.

எந்தப் பக்கம் நீளம் என்பதை அழகு பார்த்து முடிவு செய்யவில்லை. அண்ணி தினமும் அண்ணன் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் போவார். கால்கள் வண்டியின் இடது பக்கம். அப்படி உட்கார்ந்தால் உடம்பின் வலது பக்கம் ஓட்டுகிறவர் பக்கம் இருக்கும், இடது பக்கம் பின் சக்கரத்தின் பக்கம் போகும். சேலை முந்தானை சக்கரத்தில் மாட்டுவது இதனால்தான். ஆகவே நீள முனை வலது பக்கம். கடையில் ரெடிமேட் வாங்குகிறவர்களும் போட்டுப் பார்க்கும்போது இதை யோசியுங்கள், சாய்வின் திசையை வாங்கின பிறகு மாற்ற முடியாது.

துணி ஒரு சுங்குடிச் சேலை. மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே சௌராஷ்டிரக் குடும்பங்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததுதான் அசல் சுங்குடி. இன்று கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சோ ஸ்கிரீன் பிரிண்டோதான். கை முடிச்சு போட்ட சேலை வீட்டில் இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். நான் வெட்டியது மெழுகு அச்சு. அதிலும் சாயம் துணியின் மறுபக்கம் வரை ஊறியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் மறுபக்கம் வெளிறித் தெரியும். சாய்வு உடையில் இது பெரிய விஷயம், கீழே வருகிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். அரக்கு நிறம் என்பதால் தனியாக, கல்லுப்புத் தண்ணீரில். இரண்டு பக்க பார்டரையும், 3 இன்ச் அகலம், முதலிலேயே பிரித்து எடுத்துவிட்டேன். சேலையின் அகலம் 46 இன்ச், பார்டர் போக 40. குர்த்தியின் கீழ் அகலம் 25 என்று வைத்து, முன்னும் பின்னும் நீளவாக்கில் வெட்டினால் பக்கத்தில் மிஞ்சும் பட்டையில் கை வந்துவிடும்.

சாய்வு வெட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, இரண்டையும் சேர்த்து வெட்டினால் தானாகவே அப்படி வரும். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி வெட்டினால், பின்பக்கம் வலதில் இறங்க வேண்டியது இடதில் இறங்கும். பக்கத் தையல் போடும்போதுதான் தெரியும், அப்போது துணி போச்சு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல உள்ள துணிக்கு மட்டும் ஒரு சிக்கனம் உண்டு. ஒரே சாய்வுக் கோட்டை இரண்டு துண்டுக்கும் பொதுவான விளிம்பாக வைத்து, தலைகள் எதிரெதிராக இருக்கும்படி வெட்டி, ஒரு துண்டை உள்பக்கம் வெளியே திருப்பிக்கொள்ளலாம். பத்து இன்ச் துணி மிச்சம். மெழுகு அச்சு என்பதால் எனக்கு இது கைகொடுத்தது.

வெட்டின விளிம்பு இழையோடு போகும் நேர் துணியும் இல்லை, இழைக்கு மூலைவாட்டில் போகும் முழு கிராஸும் இல்லை, நடுவில் ஒரு நிலை. கையில் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நீளும். அதனால் வெட்டினதும் விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிடுவேன், விளிம்பு அங்கேயே நின்றுவிடும். அதைச் சாதாரணமாக மடித்து ஹெம்மிங் செய்தால் சுருக்கம் விழும். பார்டர் இங்கேதான் பயன்படுகிறது. பார்டர் நேர் துணி, நீளாது. 10 இன்ச் சரிவு, 25 இன்ச் அகலம் என்றால் சாய்வுக் கோட்டின் நீளம் கிட்டத்தட்ட 27 இன்ச். முன்னுக்கு ஒரு 27, பின்னுக்கு ஒரு 27, தையலுக்குக் கொஞ்சம். பார்டரின் நல்ல பக்கத்தைக் குர்த்தியின் உள்பக்கத்தோடு வைத்து விளிம்பில் தைத்து, வெளியே திருப்பி, மேல் ஓரத்தில் ஒரு தையல். விளிம்பு விறைப்பாக நிற்கும், சேலை பார்டரும் வீணாகவில்லை. பக்கத் தையலில் முன் பார்டரும் பின் பார்டரும் சந்திக்கும் இடத்தை முதலிலேயே அதே சாய்வுக்கு வெட்டி மூட்டிவிட்டுத்தான் குர்த்தியில் வைக்க வேண்டும். பிறகு மூட்டினால் முனையில் முடிச்சு முடிச்சாகத் துணி சேர்ந்துகொள்ளும்.

கடைக்காரர்கள் அப் அண்ட் டவுன் என்று சொல்வது, முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் வளைந்து போவது, அதில் இப்படிப் பார்டர் வைக்க முடியாது. நேர் பட்டை வளைவில் உட்காராது, சின்னச் சின்ன மடிப்பு வைத்துத் திணிக்க வேண்டும், அது அசிங்கமாக இருக்கும். அதனால் பார்டர் சேலையில் தைப்பதென்றால் நேர்ச் சாய்வு. வளைவு வேண்டுமென்றால் பிளெய்ன் துணி. அப் அண்ட் டவுனில் இன்னொன்று, நடக்கும்போது பின்பக்கத் துணியின் உள்பக்கம் முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மறுபக்கம் வெளிறின பிரிண்ட் என்றால் உடையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். கடையில் எடுக்கும்போது விளிம்பைத் தூக்கி உள்பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.

அத்தையின் குறுக்கு மடிப்பு

அத்தைக்கு மார்பு 42, வயிறு 45, இடுப்பு 43. "ஏத்தா, இந்த வயசுல எனக்கு என்ன ஏத்தம் எறக்கம்?" என்று சிரித்தார். அறுபது வருஷமாக அவர் போடுவதே சாய்வுதான், முந்தானை வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்குத்தானே ஏறுகிறது என்றேன். அந்தக் கோட்டையே எடுத்துக்கொண்டேன். வடக்கே அங்ரக்கா என்கிற மாதிரி, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓரத்தில் முடிச்சுப் போடுவது. வலதுபக்கத் துணியை இடதின்மேல் ஏற்றித் தைப்பவர்கள் உண்டு. நான் மாற்றி, கோடு இடது தோளிலிருந்து வலது பக்கம் இறங்கும்படி வைத்தேன். நம் ஊர்க் கண்ணுக்கு அதுதான் பழகின திசை. முடிச்சு வலது கைப் பக்கம் வருவதால் அவரே போட்டுக்கொள்ளவும் லேசு.

முடிச்சின் உயரம்தான் இதில் உயிர். இடுப்பில் வைத்தால் வயிற்றின் உச்சியில் உட்காரும். மார்புக்குக் கீழே, தோளிலிருந்து 14½ இன்ச்சில் வைத்தேன். அங்கே அவருக்கு உடம்பு ஒடுங்கும். அதற்குக் கீழே துணி தொடாமல் விழுந்துவிடும். உள் மடிப்பை அரைகுறையாக விடாமல் மறுபக்கத் தையல் வரை முழுசாக வெட்டினேன். துணி கூடுதலாகப் போகும், ஆனால் உட்கார்ந்தால் விலகாது. இதற்கும் சேலைதான், அதை அகலவாக்கில் திருப்பி வைத்து வெட்டியதால் பார்டர் அதுவாகவே கீழ் விளிம்பில் வந்துவிட்டது, கீழே ஒரு தையல்கூட இல்லை.

குறுக்குக் கழுத்து எல்லாருக்கும் தொல்லை கொடுக்கும் இடம். கிராஸில் வெட்டின விளிம்பு போடப் போட விரிந்து, குனியும்போது வாய் பிளக்கும். அந்த விளிம்பு 18 இன்ச் இருந்தது. சேலையின் கரை ஓரத்திலிருந்து கால் இன்ச் பட்டை ஒன்றை 17½ இன்ச்சுக்கு வெட்டி, துணியை அதற்குள் அடக்கி அடக்கித் தைத்தேன். அந்த அரை இன்ச் இழுப்பில் கழுத்து உடம்போடு ஒட்டி நிற்கும். மேலே பைப்பிங். மார்பு நடுவில் ஒரு அமுக்குப் பட்டன், யாருக்கும் தெரியாது. முடிச்சுக் கயிறு 9 இன்ச்சுக்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் பந்தியில் இலையில் விழும், சாம்பாரில் முக்கி எடுக்க வேண்டியதுதான்.

அக்கா மகளின் நாலு மூலை

5 அடி 7 இன்ச், இடை 26. காலேஜ் ஃபேர்வெல்லுக்குக் கர்ச்சீப் கட் கேட்டாள். ஒரு சதுரத் துணியின் நடுவில் வட்டம் வெட்டி இடையில் மாட்டினால் நாலு மூலையும் தானாகத் தொங்கும். பாரிஸில் மதலின் வியோனே என்ற தையற்கலைஞர் 1920களில் இப்படிச் சதுரத்தையும் கிராஸையும் வைத்தே பெயர் வாங்கினார். ஒரு சின்ன மரப் பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் வடிவம் பிடிப்பாராம். நாமும் ஒரு பேப்பர் நாப்கினில் ஓட்டை போட்டுத் தண்ணீர் பாட்டில் கழுத்தில் மாட்டிப் பார்க்கலாம், உடனே புரிந்துவிடும்.

பார்க்க எளிது, கணக்குப் போடாமல் துணி வாங்கினால் மாட்டிக்கொள்வோம். இடை 26, தளர்வு 1, மொத்தம் 27. இதை 6.28ஆல் வகுத்தால் ஆரம் 4.3 இன்ச். 44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் சதுரம் வெட்டினால் நடுவிலிருந்து பக்கம் 22, மூலை 31. ஆரத்தைக் கழித்தால் பக்கத்தில் 17.7 இன்ச், மூலையில் 26.8 இன்ச். இவள் உயரத்துக்குப் பக்கம் தொடை நடுவிலேயே நின்றுவிடும், அக்கா வீட்டைவிட்டு அனுப்ப மாட்டாள். 58 இன்ச் பன்னா எடுத்தால் பக்கம் 24.7, மூலை 36.7. பக்கம் முட்டியைத் தொடும், மூலை கணுக்காலுக்குச் சற்று மேலே. அதனால் பெரிய பன்னா கிரேப் துணியில்தான் எடுத்தோம், பிளெய்ன் பாட்டில் பச்சை, இரண்டு பக்கமும் ஒரே கலர். உயரம் குறைந்தவர்களுக்கு இதைவிடச் சின்னப் பன்னா போதும். இந்த வெட்டில் அளவைத் தீர்மானிப்பது துணியின் பன்னா, உடம்பின் பழப் பெயர் இல்லை.

வட்டத்தை 4.3இல் வெட்டக் கூடாது, தையலுக்கு அரை இன்ச் விட்டு 3.8இல் வெட்ட வேண்டும். ஜிப்புக்கான பிளவை மூலையை நோக்கி வெட்டாமல் பக்கத்தின் நடுவை நோக்கி வெட்டினேன். மூலைத் திசை முழு கிராஸ், அதில் ஜிப் வைத்தால் பாம்பு மாதிரி நெளியும். அதே காரணத்தால் தைத்ததும் கீழ் விளிம்பை மடிக்காமல் ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். மூலைகள் கிட்டத்தட்ட ஒரு இன்ச் இறங்கின. வட்டப் பாவாடையில் இப்படி இறங்கினால் விளிம்பைத் திரும்ப வெட்டிச் சரிசெய்ய வேண்டும், இதில் மூலை இறங்கினால் நல்லதுதான். விளிம்பு கால் இன்ச் சுருட்டு மடிப்பு, மெல்லிய ஊசி, சின்னத் தையல்.

மேலே ஒன் ஷோல்டரும் வேண்டும் என்றாள். ஒரு உடைக்கு ஒரு சாய்வு போதும் என்பது என் கட்சி. "நாலு மூலையும் ஒரே அளவுதானே சித்தி, அப்ப கீழ சாய்வே இல்லையே" என்றாள். நியாயம்தான். கொடுத்தேன், இடது தோளில். ஒற்றைத் தோளில் மொத்தப் பாவாடையின் பாரமும் தொங்கினால் நேரம் ஆக ஆக அந்தப் பக்கம் இறங்கும். அதனால் இடையின் உள்ளே ஒரு இன்ச் பெல்ட் எலாஸ்டிக்கைத் தனியாகக் கொக்கி வைத்துப் போட்டேன். பாரத்தை அது தாங்கும், தோளுக்கு வேலை இல்லை. தோள் இல்லாத பக்கத்து மேல் விளிம்பில் கால் இன்ச் எலாஸ்டிக், விளிம்பைவிட ஒரு இன்ச் குறைவாக. அந்தப் பக்கத் தோளுக்கு அதே பச்சையில் நெட் வைத்ததில் அக்காவும் சமாதானம். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிராப் மட்டும் வேண்டாம். லைட் பட்டால் பளபளவென்று அதுதான் முதலில் தெரியும்.

போடும்போது

சாய்வு வைத்த உடைக்குப் போட்டிக்கு ஆள் வைக்காதீர்கள். அண்ணிக்கு அரக்குக்கு அரக்கு சாயலிலேயே கணுக்கால் வரை நேர் பேன்ட். குள்ளமானவர்களுக்கு ஒரே சாயல் உயரம் காட்டும். உயரமாக இருந்து சாய்வு பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் எதிர் நிறம் போடலாம். லெக்கிங்ஸ் வேண்டாம், குட்டைப் பக்கத்துத் தொடை பிடித்துக் காட்டும். துப்பட்டா கிடையாது. குறுக்கே மாட்டும் பையை அத்தை மாதிரிக் குறுக்குக் கழுத்தில் மாட்டினால் இரண்டு கோடு சண்டை போடும், கையில் பிடிக்கிற பர்ஸ் போதும். ஒன் ஷோல்டருக்குக் கழுத்தில் எதுவும் வேண்டாம், ஜிமிக்கி பெரிதாக, வளையல் வெறும் தோள் பக்கத்துக் கையில். கோயிலில் தரையில் உட்கார வேண்டிய நாளுக்கு அப் அண்ட் டவுன் போடாதீர்கள், முன்னால் இழுத்து இழுத்து விடுவதே வேலையாகிவிடும்.

துவைத்ததும் சாய்வு விளிம்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடக் கூடாது, ஈரப் பாரத்தில் இழுத்துவிடும். தோளை மடித்துக் கொடிமேல் போடுங்கள். இஸ்திரியையும் விளிம்போடு இழுக்காமல் தூக்கித் தூக்கி அழுத்த வேண்டும். கிரேப்பை ஹேங்கரில் மாட்டி வைக்காமல் மடித்து பீரோவில் வைத்தால் மூலைகள் அடுத்த விசேஷத்துக்கும் அதே அளவில் இருக்கும்.